ஆரஞ்சு ரோபோட், நீல ரோபோட்: 'வியர்ட் ஃபேன்டஸி' 18ஆம் இதழை மறுபடி எடுத்தேன்

பழைய_பெட்டி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின் கராஜை ஒழிக்கும் வேலை மூன்று சனிக்கிழமையாக நடக்கிறது. துருப்பிடித்த ஸ்பேனர்கள், ஒரு கரும்பு வெட்டும் கத்தி, 1996ஆம் வருடக் கோயில் காலண்டர், இதெல்லாம் போக என்னுடைய பள்ளிக்கூடக் காலத்து சூட்கேஸ் ஒன்றும் கிடைத்தது. உள்ளே இருந்ததில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியில் 'வியர்ட் ஃபேன்டஸி' 18ஆம் இதழ் முழுசாக இருந்தது.

மூல இதழ் இல்லை, ஆசைப்படாதீர்கள். மூலம் 1953 மார்ச்-ஏப்ரல் தேதியிட்டு, நியூயார்க்கில் ஈ.சி. காமிக்ஸ் பத்து சென்ட்டுக்கு விற்றது. அந்த வரிசை முழுவதையும் 1990களில் அமெரிக்காவில் மறுபதிப்புப் போட்டார்கள். என்னிடம் இருப்பது அதில் ஒன்று. 1998 வாக்கில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு புக் எக்ஸ்சேஞ்சில் என் இரண்டு கௌபாய் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு வாங்கினேன். அப்போது எனக்குப் பதிமூன்று வயது.

டீயும் கையுமாகக் கராஜ் தரையிலேயே உட்கார்ந்து படித்தேன். இதழில் எனக்கு முக்கியம் ஒரே கதை, 'ஜட்ஜ்மென்ட் டே'. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன், வரைந்தவர் ஜோ ஆர்லாண்டோ. முடிவையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எழுபது வருடம் தாண்டிய கதைக்கு என்ன ரகசியம்?

சைப்ரினியா என்று ஒரு கிரகம். அங்கே மனிதர் கிடையாது, ரோபோட்டுகள் மட்டும். பூமியிலிருந்து டார்ல்டன் என்ற அதிகாரி, ஹெல்மெட்டும் விண்வெளி உடுப்புமாக வந்து இறங்குகிறார். இந்தக் கிரகத்தை விண்மீன் குடியரசில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஓர் ஆரஞ்சு ரோபோட் கூடவே வந்து பெருமையாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. அப்புறம்தான் நீல ரோபோட்டுகள் கண்ணில் படுகின்றன. அவற்றுக்குத் தனிப் பேட்டை. பஸ்ஸில் பின்பக்கம். நீல ரோபோட்டுகள் உருவாகும் இடத்தையும் பார்த்தே தீருவேன் என்கிறார் டார்ல்டன். போய்ப் பார்த்தால் உள்ளே அதே இரும்பு, அதே கம்பி, அதே மூளை. மேலே போர்த்தும் தகட்டின் நிறம்தான் வேறு, அதன்பிறகு பாடம் ஏற்றும் 'எஜுகேட்டர்' இயந்திரம் சொல்லிக்கொடுப்பதும் வேறு. இன்னும் நீங்கள் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறுகிறார். பூமியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது, உங்களுக்கும் நம்பிக்கை உண்டு என்று ஆறுதலும் சொல்கிறார். கடைசிப் படக் கட்டத்தில் தனியாக இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கறுப்பு மனிதர். அந்தத் தோலில் வியர்வைத் துளிகள் தூரத்து நட்சத்திரங்கள்போல மின்னுகின்றன.

பதிமூன்று வயதில் என் மனதில் நின்றது அந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான். இந்தத் தடவை அதற்கு நாலைந்து கட்டம் முன்னாலேயே நின்றுவிட்டேன். வழிகாட்டி ஆரஞ்சு ரோபோட் ஓரிடத்தில், இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது, நான் ஒரு ரோபோட் என்ன செய்ய முடியும் என்கிற தோரணையில் பேசுகிறது. அந்தக் குரலை நான் எங்கள் வீட்டு ஹாலிலேயே கேட்டிருக்கிறேன்.

வேறு யாராவது இதைப் படித்திருக்கிறீர்களா?

சிவகாசி_வாசகன் (மிட்ராண்ட்)

அண்ணா, தலைப்பைப் பார்த்ததும் டிராஃபிக் பற்றிய இழை என்று நினைத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் போனில் 'அடுத்த ரோபோட்டில் இடது பக்கம் திரும்பு' என்றார். நான் ஏதோ கடை வாசலில் பொம்மை வைத்திருக்கிறார்கள் போல என்று பார்த்துக்கொண்டே மூன்று சிக்னலைத் தாண்டிப் போய்விட்டேன். சிக்னல் விளக்கைத்தான் இங்கே ரோபோட் என்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 'ஆரஞ்சு ரோபோட்' என்றால் இங்கே நிற்பதா போவதா என்று தெரியாத விளக்கு!

கதை படித்ததில்லை, தேடிப் படிக்கிறேன். நான் வளர்ந்தது இரும்புக்கை மாயாவியோடு. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். அதற்கும் மூலம் பிரிட்டிஷ் வார இதழ்த் தொடர். ஒரு கை இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். அதில் எல்லாம் இப்படி நியாயம் கேட்கிற கதை வந்ததில்லை. வில்லனைப் பிடித்தால் சரி.

எண்_பைத்தியம் (கேப் டவுன்)

பெட்டி அண்ணா, 18ஆம் எண் நல்ல எண். ஏன் என்கிறீர்களா? ஈ.சி. கம்பெனி 1950இல் ஒரு காதல் காமிக்ஸை நிறுத்திவிட்டு அதன் எண்ணிக்கையைத் தொடர்ந்தே 'வியர்ட் ஃபேன்டஸி'யை ஆரம்பித்தது. அதனால் முதல் இதழே 13. புதுப் பத்திரிகை என்றால் தபால் பதிவுக்கு மறுபடி பணம் கட்டவேண்டும், அதை மிச்சம் பிடிக்கும் தந்திரம். 17 வரை போனதும் எண்ணைச் சரிசெய்து அடுத்ததை 6 என்று போட்டார்கள். ஆகவே 13 முதல் 17 வரை ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு இதழ் உண்டு, பழைய கடைகளில் நிறைய பேர் ஏமாந்திருக்கிறார்கள். 18 ஒன்றே ஒன்றுதான்.

மொத்தம் 22 இதழ். விஞ்ஞானக் கதை இதழ்களில் கம்பெனிக்கு லாபம் கிடையாது, பேய்க் கதை இதழ்கள்தான் சோறு போட்டன. கடைசியில் 'வியர்ட் சயின்ஸ்', 'வியர்ட் ஃபேன்டஸி' இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தினார்கள். 1955இல் அதன் பெயரையும் 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்று மாற்றினார்கள். இங்கேதான் கதைக்கு இரண்டாவது பிறவி.

1954இல் அமெரிக்க செனட் குழு காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று விசாரித்தது. ஈ.சி. முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் நேரில் போய்ச் சாட்சி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப்பின் பதிப்பாளர்களே கூடி 'காமிக்ஸ் கோட்' என்று ஒரு தணிக்கை வைத்துக்கொண்டார்கள். அதன் தலைவர் சார்ல்ஸ் மர்ஃபி, முன்னாள் நீதிபதி. 33ஆம் இதழுக்குக் கொடுத்த ஒரு கதையை அவர் அலுவலகம் திருப்பி அனுப்பியது. சரி, அந்த இடத்தில் பழைய 'ஜட்ஜ்மென்ட் டே'யைப் போடுவோம் என்று ஃபெல்ட்ஸ்டீன் எடுத்துக்கொண்டு போனார். ஃபெல்ட்ஸ்டீன் பின்னாளில் சொன்னபடி, கடைசிக் கட்டத்து மனிதர் கறுப்பாக இருக்கக்கூடாது என்றாராம் மர்ஃபி. அவர் கறுப்பராக இருப்பதுதானே கதையே! கெய்ன்ஸ் போனில் பத்திரிகைகளைக் கூப்பிட்டு அம்பலப்படுத்துவேன் என்று சத்தம் போட்டார். சரி, அந்த வியர்வைத் துளிகளையாவது எடுங்கள் என்று மர்ஃபி இறங்கி வந்தாராம். கெய்ன்ஸ் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கதை அப்படியே அச்சாகியது.

அந்த 33ஆம் இதழ்தான் ஈ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் புத்தகம். சீக்கிரமே 'மேட்' நகைச்சுவைப் பத்திரிகை மட்டும்தான் மிஞ்சியது. தலைப்பு 'தீர்ப்பு நாள்', மறித்தவர் முன்னாள் நீதிபதி. இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

பீனிக்ஸ்_அக்கா

எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள், நான் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். கதை நல்ல கதை. காமிக்ஸாக அது சுமார்தான். ஒரு கட்டத்தில் முக்கால்வாசி எழுத்து. அந்த எழுத்தும் கையால் எழுதியது இல்லை, பொறியாளர்கள் வரைபடத்தில் அச்சு வைத்து எழுதும் லெராய் கருவி எழுத்து. பெட்டிபெட்டியாக, வங்கிப் படிவம் மாதிரி. ஃபெல்ட்ஸ்டீன் முதலில் படம் வரையும் அட்டையிலேயே வசனத்தை எழுதிவிடுவார், எழுத்துக்காரர் மை போடுவார், ஓவியர் கைக்கு வரும்போது மிச்சம் இருக்கிற இடத்தில் படம். பாவம் ஆர்லாண்டோ, ரோபோட்டுகளை அந்த இடுக்கில் நிறுத்தியிருக்கிறார்.

இன்னொன்று, வெளியிலிருந்து ஒரு துரை வந்து, சுற்றிப் பார்த்து, மார்க் போட்டு, விமானம் ஏறிப் போகிறார். நீல ரோபோட்டுகளிடம் அவர் என்ன கேட்டார்? அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கதையில் எங்கே இருக்கிறது?

நிறம் போட்டது மாரி செவரின். ஆரஞ்சையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் அடிக்கும் என்று தெரிந்த பெண். அதற்கு மட்டும் முழு மார்க். நம் பழைய நாட்டுக் கொடி ஞாபகம் இருக்கிறதா? 1928இலிருந்து 1994 வரை மேலே ஆரஞ்சு, கீழே நீலம், நடுவில் வெள்ளை. அமெரிக்காக்காரர்கள் அதை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

மேல்தட்டு (முன்பு கேட்டோ மேனர், இப்போது சாட்ஸ்வொர்த்)

பிள்ளைகளே, என் பெயர் ஏன் மேல்தட்டு என்று இரண்டு வருடமாகக் கேட்கிறீர்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பையனாக இருந்தபோது டர்பன் மாடி பஸ்ஸில் இந்தியர்களான எங்களுக்கு மேல்தட்டில் கடைசி வரிசைகள் மட்டும்தான். அது நிறைந்துவிட்டால் முன்னால் பத்து சீட் காலியாக இருந்தாலும் கண்டக்டர் ஏற்ற மாட்டார். அப்பா மழையில் நின்று நான்கு பஸ்ஸை விட்ட நாள் உண்டு. ஆனால் மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். அந்தக் கடலில் எந்தப் பக்கம் கால் நனைக்கலாம் என்பதற்கும் பலகை இருந்தது.

பேரனை விட்டு அந்தக் கதையை டேப்லெட்டில் பெரிசாக்கிப் படித்தேன். இதழின் வருடம் 1953 என்றீர்கள். இங்கேயும் அதே 1953இல்தான் தனித்தனி வசதிகள் சட்டம் வந்தது. பெஞ்ச், கழிப்பறை, தபாலாபீஸ் கவுண்டர், கடற்கரை எல்லாம் பிரிக்கலாம், பிரித்தது சமமாக இருக்கவேண்டியதில்லை என்று சட்டமே சொல்லியது. அதே வருடம்தான் பாண்டு கல்விச் சட்டமும். கறுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக்கொடுக்கலாம் என்று அரசாங்கம் அளந்து கொடுத்த சட்டம். நமக்கென்று தனியாக 1965இல் போட்டார்கள். அந்த 'எஜுகேட்டர்' பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடமே ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, செங்கல் சுமந்து கட்டியது.

பீனிக்ஸ் அம்மா, உன் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. முதல் குறையை ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுத்து பெரிசாக இருந்தது, கிழவனுக்கு வசதி.

சிவகாசி_வாசகன்

தாத்தா, படித்துவிட்டேன். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. 'இன்னும் தயாராகவில்லை' என்று டார்ல்டன் சொல்வது பீனிக்ஸ் அக்காவுக்குத் துரைத்தனமாகப் படுகிறது. ஆனால் இந்த நாட்டை உலகம் நடத்தியதும் அப்படித்தானே? இங்கே இருந்த இந்தியர்களை நடத்திய விதத்துக்காக இந்தியா 1946லேயே வியாபாரத்தை நிறுத்தியது, ஐ.நா.விலும் புகார் வைத்தது. 1961இல் காமன்வெல்த்தை விட்டுப் போனார்கள். 1970இல் ஒலிம்பிக் கமிட்டி வெளியேற்றியது. கிரிக்கெட்டும் போயிற்று. அதெல்லாம் கப்பல் ஏறிப் போன டார்ல்டன்தான். அது வேலை செய்யவில்லையா?

1991 நவம்பரில் கல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா திரும்பி வந்து ஆடியதை எங்கள் தெரு டீக்கடை டிவியில் பார்த்தேன். யார் இவர்கள், இதுவரை எங்கே இருந்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். 'ஸ்கூலில் தப்பு பண்ணி வெளியே நின்ற பசங்க' என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

மேல்தட்டு

வேலை செய்தது தம்பி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் 1992 நவம்பரில் இந்தியா ஆடியபோது போயிருந்தேன். பிரவீண் ஆம்ரே முதல் டெஸ்ட்டிலேயே நூறு அடித்தார். நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், நீங்கள் எந்த நாடு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிய முதல் கப்பல் வந்து 132 வருடம் கழித்து. நான் ஒன்றும் சொல்லவில்லை, வேர்க்கடலையை நீட்டினேன்.

பீனிக்ஸ்_அக்கா

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். இந்த இழையில் எல்லோரும் 'நாம் நீல ரோபோட்' என்று முடிவுகட்டிவிட்டுப் பேசுகிறோம். அப்படியா?

நீல ரோபோட்டுக்கு மேலே நாம் ஒரு படி. 1984இல் முக்கூட்டுப் பாராளுமன்றம் என்று ஒன்று வைத்து நமக்கு ஒரு தனி அவை கொடுத்தார்கள், கறுப்பர்களுக்கு ஒன்றும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் ஓட்டுப்போடப் போகவில்லை, அது நமக்குப் பெருமைதான். ஆனால் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்களும் நம் ஆட்கள்தான். கேட்டோ மேனரில் கறுப்பர்கள் குடிசை போட்டிருந்த நிலம் யாருடையது, குடிசை வாடகை யார் வாங்கினார்கள்? தாத்தா கோபப்படாதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸில் எங்கள் தெருமுனையில் டயரைப் போட்டு மறித்து, வருகிற கறுப்பு முகத்தை எல்லாம் நிறுத்தி 'எங்கே போகிறாய்' என்று கேட்டபோது கேட்டவர்கள் என் பக்கத்து வீட்டுப் பையன்கள். பயம்தான் காரணம், எனக்கும் பயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு நாங்கள் என்ன நிறம்?

கதையில் இரண்டே நிறம். நடுவில் நிற்கிறவனுக்கு ஃபெல்ட்ஸ்டீன் தகடே செய்யவில்லை.

நெறியாளர்

நண்பர்களே, இது காமிக்ஸ் பிரிவு. 2021 பற்றிப் பேச வேறு பிரிவு இருக்கிறது. அங்கே போனதடவை என்ன நடந்தது என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

எண்_பைத்தியம்

ஐயா, காமிக்ஸைப் பற்றித்தானே பேசுகிறோம். இதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் வியர்வைத் துளிகூட இல்லை.

நெறியாளர்

சரி. பெயர் சொல்லித் திட்டாதவரை திறந்திருக்கும்.

மேல்தட்டு

கோபம் இல்லை அம்மா. நிலம் எங்களுக்கு இல்லை, நாங்களும் வாடகைக்குத்தான் இருந்தோம். ஆனால் நீ சொன்னது பொய்யில்லை.

1949 ஜனவரியில் டர்பனில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் கலவரம் நடந்தபோது நான் கைக்குழந்தை. அரசாங்கக் கணக்கில் 142 பேர் செத்தார்கள். கறுப்பர்கள்தான் அதிகம், அதற்கடுத்து இந்தியர்கள். எங்களை ராத்திரி முழுக்கத் தன் குடிசையில் ஒளித்து வைத்தது பக்கத்து ஜூலு அம்மா ஒருத்தி. இதை ஆயா எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். பிறகு 1958இல் கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து எல்லோரையும் கிளப்பினார்கள். நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். கதை இன்னும் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். பேரன் சார்ஜரைக் கேட்கிறான்.

பழைய_பெட்டி

இழை இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு உதவி வேண்டும். கோயிலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு நான்தான் பாடம். பத்துப் பதினோரு பேர். வீட்டில் சமையலறைத் தமிழ் மட்டும் தெரியும்: தண்ணி, சோறு, வா, போ. பாடப் புத்தகத்தைத் திறந்தால் தூங்குகிறார்கள். இந்தக் கதையை வகுப்புக்கு மட்டும் தமிழில் எழுதி, வசன பலூனில் ஒட்டிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

'எஜுகேட்டர்' பரவாயில்லை, 'பாடமேற்றி' என்று வைத்தேன். மேல் தகட்டுக்கு 'தோல்' என்று போட்டால் கடைசிக் கட்டத்து அதிர்ச்சி முதல் பக்கத்திலேயே அவிழ்ந்துவிடும். 'மேல்தகடு' என்று போட்டுக்கொண்டேன். சிக்கல் அதுவும் இல்லை. வழிகாட்டி நீல ரோபோட்டுகளைப் பற்றி டார்ல்டனிடம் பேசுகிறது. இங்கிலீஷில் ஒரே ஒரு 'தே'. தமிழில் என்ன போடுவது? அவர்களா, அவையா, அதுகளா?

சிவகாசி_வாசகன்

அண்ணா, ரோபோட் அஃறிணை. 'அவை'தான் இலக்கணம்.

பழைய_பெட்டி

அப்படியானால் ஆரஞ்சும் அஃறிணைதானே தம்பி. அது தன்னை 'நாங்கள்' என்கிறது. நாங்கள் என்பதில் திணை தெரியாது, தப்பித்துக்கொள்ளும். அடுத்த ஆளைச் சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்ளும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே இந்தப் பிரிவில்தான்: மக்களைக் குறித்தால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. கதை கேட்கிறதும் அதைத்தான். யாரை 'யார்' என்பது, யாரை 'எது' என்பது. ஃபெல்ட்ஸ்டீன் இங்கிலீஷில் எழுதியதால் இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போய்விட்டார். தமிழில் நான் வாயைத் திறந்தாலே தீர்ப்புச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

பீனிக்ஸ்_அக்கா

அதுகள். யோசிக்கவே வேண்டாம். 'அதுகளுக்கு அந்தப் பக்கம்தான் வசதி.' இந்த வாக்கியத்தை நான் எத்தனை கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன்!

எண்_பைத்தியம்

அக்கா, அது சரியாக வராது என்று நினைக்கிறேன். வந்திருப்பவர் பெரிய அதிகாரி. வழிகாட்டி தன் ஊரை விற்கப் பார்க்கிறது. விருந்தாளி முன்னால் யார் 'அதுகள்' என்று பேசுவார்கள்? நல்ல பிள்ளையாக 'அவர்கள்' என்றுதான் சொல்லும். தப்பு மரியாதையிலேயே நடக்கும், அதுதான் பயங்கரம். (வகுப்பைத் தாண்டி நெட்டில் ஏற்றாதீர்கள் அண்ணா, உரிமை வேறு ஆளிடம்.)

சிவகாசி_வாசகன்

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. எங்கள் ஊரில் பாட்டி பேத்தியையே 'அது சாப்பிட்டுச்சா' என்று கேட்பார். அது செல்லம். 'அது' என்றாலே இழிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

மேல்தட்டு

சார்ஜர் கிடைத்தது. பாக்கிக் கதையையும் இப்போது சொல்லலாம், உங்கள் கேள்விக்கும் அதுதான் பதில்.

எங்களை ஒளித்து வைத்த அந்த அம்மா, பிறகு எங்கள் வீட்டில் துணி துவைக்க வந்துகொண்டிருந்தாள். கேட்டோ மேனரை விட்டுக் கிளம்பும்வரை வந்தாள். ஆயாவுக்கு ஜூலு சுமாராகத்தான் வரும். ஆனால் அந்த அம்மா எங்கள் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். ஆயாவை 'அம்மா, உக்காருங்க' என்பாள். ஆயாவைவிட அவள் பத்து வயது மூத்தவள்.

ஆயா அவளை என்ன சொல்வாள் தெரியுமா? 'அது வந்துச்சா?' 'அதுக்கு ஒரு தட்டு சோறு வை.' கலவரக் கதையைச் சொல்லும்போதும் அப்படித்தான். 'அது மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்கு இல்லடா.' சொல்லும்போது கண் கலங்கும். வார்த்தை மாறாது.

சிவகாசித் தம்பி சொல்வதுபோல் ஆயா என் தங்கச்சியையும் 'அது' என்றுதான் சொல்வாள். ஆகவே அது செல்லமா, மற்றதா என்று நான் இன்றைக்குவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவின் தட்டு மட்டும் தனியாக, குழாயடியில் இருந்தது. அது எனக்குத் தெரியும். எனாமல் தட்டு, விளிம்பில் நீலக் கோடு.

அவள் பெயரை ஆயா ஒரு தடவையும் சொல்லி நான் கேட்டதில்லை.

பீனிக்ஸ்_அக்கா

தாத்தா.

பழைய_பெட்டி

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தாத்தா எழுதியதைப் படித்தபின் பலூன்களை எல்லாம் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

எண் தம்பி சொன்னபடி வழிகாட்டி முதல் பாதியில் 'அவர்கள்' என்றே பேசுகிறது, மரியாதைக்குக் குறைவில்லை. பஸ்ஸிலும் 'அவர்கள்'. நீலப் பேட்டைக்குக் கூட்டிப்போக டார்ல்டன் வற்புறுத்தும் இடத்தில், சங்கடத்தில் வாய் தவறி ஒரே ஒருமுறை 'அதுகள்' வருகிறது. அடுத்த பலூனில் மறுபடி 'அவர்கள்'. படத்தில் எதையும் தொடவில்லை. டார்ல்டன் எல்லோரையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை 'அவர்கள்' என்றே சொல்கிறார்.

நேற்று வகுப்பில் வாசித்தோம். அந்த 'அதுகள்' வந்த இடத்தை ஒன்பது பிள்ளைகள் கவனிக்கவே இல்லை, அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பையன் மட்டும், 'அங்கிள், இங்கே ஸ்பெல்லிங் தப்பு' என்றான். சரி பண்ணட்டுமா என்று பென்சிலை எடுத்தான்.

எண்_பைத்தியம்

பண்ண விட்டீர்களா?

பழைய_பெட்டி

இல்லை. அடுத்த சனிக்கிழமை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. தாத்தா, நீங்கள் வந்து உட்கார முடியுமா? காரில் வந்து அழைத்துப்போகிறேன்.

மேல்தட்டு

வருகிறேன். முன் சீட் எனக்கு. கடைசிக் கட்டத்தில் என்ன எழுதினாய்?

பழைய_பெட்டி

அங்கே எழுத்தைக் குறைத்துவிட்டேன் தாத்தா, ஒரே வரி. வியர்வையை மட்டும் எடுக்கவில்லை.